வடிவமும் வாழ்வும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் வடபால் அமைந்த ஊர் வேங்கிக்கால். ஊரில் ஏரி ஒன்று உண்டு. அண்மையில் அண்ணாமலை ஓங்கி நிற்கிறது. சாலையின் இருமருங்கும் மனைகளும் கடைகளும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. 1989-ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு மாவட்டத்தினின்று திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்திருத்தலின், தொலைவிலுள்ள சிற்றூர் மக்களும் தம் குறைகளை மனுவாக எழுதி ஏந்திக்கொண்டு இவ்வூருக்கு வருகின்றனர்.

மலை இயற்கை தந்தது. ஏரியும் சாலையும் அலுவலகமும் மனுத்தாளும் மக்கள் ஆக்கியவை. மக்கள் ஆக்கிய பொருள் எதுவாயினும், அது கையால் ஆக்கப்படுமுன் கருத்தால் ஆக்கப்படுகிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், வாயில் எங்கே, நுழைபவர் யார், பயன்கொள்பவர் யார் என்று முன்னரே எண்ணி முடிவு செய்யும் செயலே வடிவமைப்பு ஆகும். அம்முடிவுகளுக்குரிய நெறிகளை ஆராயும் துறை வடிவமைப்பியல் எனப்படும். ஓவியரும் பொறியாளரும் மட்டும் பயிலவேண்டிய தொழிற்கல்வி அது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. குடிமக்கள் எல்லார்க்கும் உரிய பொதுக்கல்வியில் அதற்கு இடம் வேண்டும். அவ்வாறு கூறுவதற்குரிய காரணத்தை வேங்கிக்காலைப் போன்ற ஓர் ஊரே காட்டித் தரும்.

ஏரியை முதலில் நோக்குவோர்க்கு அது மழைநீர் தேங்கிய பள்ளமாகவே தோன்றும். உண்மையில் ஓர் ஏரி பல உறுப்புகள் கூடி இயங்கும் அமைப்பு. மேட்டு நிலத்து நீரைத் திரட்டிக் கொணர்வது வரத்துக் கால்வாய். கொணர்ந்த நீரைத் தாங்குவது கரை. கழனிக்கு அளவறிந்து நீர் விடுவது மதகு. மிகுந்த நீரைக் கரைக்கு ஊறு நேராவண்ணம் வெளியேற்றுவது கலங்கல். நீர் கலங்கலில் வழியத் தொடங்கினால், 'ஏரி கோடி போயிற்று' என்று உழவர் மகிழ்வர். ஒரு கலங்கலில் வழியும் நீர் வீணாவதில்லை. அடுத்த ஏரிக்கு அதுவே வரத்து ஆகிறது. இவ்வாறு ஏரிக்கு ஏரி தொடர்பு உண்டாக்கி, பெய்யும் சில நாள் மழையைக் கொண்டு ஆண்டு முழுதும் வாழ வழி வகுத்தனர் தமிழகத்து முன்னோர்.

கலங்கலின் உயரத்தை முதன்முதலில் வரையறுத்தவர் எதிர்ப்பட்ட வினா எளியதன்று. உயரத்தை ஒரு முழம் கூட்டினால் ஏரியில் நீர் மிகும். ஆயின், மேற்புறத்து நிலங்கள் மூழ்கும். கீழ்ப்புறத்து ஏரிக்குச் செல்லும் நீர் குறையும். ஒரு முழம் குறைத்தால் மேற்புறத்தார் தப்புவர்; கோடைக்கு முன்னரே இவ்வூர்க் கழனி காயும். ஆதலின் கலங்கலின் உயரம் வெறும் முழக்கணக்கு அன்று. யாருக்கு எவ்வளவு நீர் என்னும் பங்கீடும் அக்கல்லில் அடங்கியுள்ளது. ஒருமுறை கட்டிவிட்டால் அம்முடிவு தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிடுகிறது. எழுதிய சட்டத்தை ஏட்டில் திருத்தலாம். கல்லில் எழுந்த முடிவைத் திருத்துவது அத்துணை எளிதாகாது. வடிவமைப்பு சமுதாயத்தைத் தொடும் இடம் இதுவே.

வடிவமைப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் சேலைக் கரையின் பூவேலையும், சுவரில் தீட்டும் வண்ணமும், நகையின் நுண்தொழிலுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அவையும் வடிவமைப்பே, எனினும் அச்சொல்லின் எல்லை அவற்றோடு முடிவதில்லை. அமெரிக்க அறிஞர் எர்பர்ட் சைமன் 1969-இல் வெளியிட்ட நூலொன்றில், உள்ள நிலையை இதனினும் நல்ல நிலையாக மாற்றுதற்கு வழி காண்போர் அனைவரையும் வடிவமைப்போர் வரிசையில் சேர்த்தார். அவர் கருத்துப்படி, நோயாளிக்கு மருந்து வகுக்கும் மருத்துவரும், நாட்டுக்குத் திட்டம் வகுக்கும் ஆட்சியாளரும் பொறியாளரோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவர். அவ்வாறாயின், பள்ளியின் மணி அட்டவணையும், நியாயவிலைக் கடையின் வரிசையும், மருத்துவமனையின் சீட்டு வழங்கும் முறையும் வடிவமைப்புக்கு உட்பட்டனவே ஆகும்.

இத்துறை இந்நாட்டில் தனிக் கல்வியாக வேரூன்றிய வரலாறு ஒரு சொம்போடு தொடர்புடையது. விடுதலைக்குப் பின் தொழில்கள் பெருகத் தொடங்கியபோது, வடிவமைப்புப் பயிற்சி எவ்வாறு அமையவேண்டும் என ஆராய்ந்து கூறுமாறு சார்லசு ஈம்சு, ரே ஈம்சு என்னும் அமெரிக்கத் தம்பதியரை இந்திய அரசு அழைத்தது. அவர்கள் நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்து, 1958-இல் தம் அறிக்கையை அளித்தனர். மாளிகைகளையும் சிற்பங்களையும் கண்ட அவ்விருவரும் தம் அறிக்கையில் பெரிதும் பாராட்டியது, வீட்டில் நாள்தோறும் புழங்கும் எளிய சொம்பினையே. எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு அமரும், சாய்த்தால் நீர் எவ்வாறு விழும், கை நுழைத்துக் கழுவ இயலுமா, விலை என்ன, தேய்ந்த உலோகத்தை மீண்டும் உருக்க இயலுமா என இத்தகைய பல வினாக்களுக்கு அச்சிறு கலம் விடையாகி நிற்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர். ஒருவர் தனித்திருந்து அவ்வடிவை உண்டாக்கவில்லை. பல தலைமுறையினர் சிறிது சிறிதாகத் திருத்தி ஆக்கினர் என்பதும் அவர்கள் கருத்து. அவ்வறிக்கையின் வழியே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

இங்கே ஒரு தடை எழுதல் இயல்பு. 'சொம்பை ஆக்கியவர் எந்த வடிவமைப்பியலைக் கற்றார்? ஏரி வெட்டியவர் எந்தக் கல்லூரியில் பயின்றார்? கல்லாமலே முன்னோர் இவற்றைச் செய்தனர் எனின், இன்று மட்டும் இக்கல்வி எதற்கு?' என்று சிலர் வினவுவர். இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று.

முன்னோர் கல்லாதவர் என்பது முதற்பிழை. சிற்பிகளுக்கு மயமதம், மானசாரம் முதலிய நூல்கள் இருந்தன. தாலம் என்னும் அளவுமுறை இருந்தது. தந்தை மைந்தனுக்கும், ஆசிரியர் மாணாக்கனுக்கும் உளியோடு சேர்த்து நெறியையும் கைமாற்றினர். திருவண்ணாமலைக் கோயிலின் கீழைக் கோபுரம் பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்பது கைப்பழக்கத்தால் மட்டும் இயன்ற செயலாகாது. இக்கல்வி அற்றுப்போகாமல் காத்தற்பொருட்டே மாமல்லபுரத்தில் 1957-இல் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது; அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது.

இரண்டாவது விடை இன்னும் இன்றியமையாதது. அக்காலத்துக் குயவர் செய்த பானை அவர் தெருவிலேயே உலையேறியது. பானையின் கழுத்துக் குறுகியிருந்தால், வாங்கிய பெண் மறுநாளே வந்து குறை கூறுவாள். அடுத்த சூளையில் குறை நீங்கும். ஆக்குவோரும் ஆளுவோரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தமையால், பிழை சிறிதாக இருக்கும்போதே திருந்தியது. இன்றோ ஒரு பொருளை எண்ணுபவர் ஒரு நாட்டில் இருக்கிறார். செய்பவர் மற்றொரு நாட்டில் இருக்கிறார். பயன்படுத்துபவர் வேங்கிக்காலில் இருக்கிறார். ஆலையில் ஒரு பிழை நேர்ந்தால் அது இலட்சம் பொருள்களில் நேர்ந்த பிழையாகிவிடுகிறது. தெருவில் இயல்பாக நடந்த திருத்தத்தை, இன்று அறிவோடு முயன்று நடத்த வேண்டியுள்ளது. கண்ணிற்காணாத ஒருவருடைய தேவையைக் கருதிப் பார்க்கும் அம்முயற்சிக்கு நெறி வேண்டும். அந்நெறியே வடிவமைப்பியல் கற்பிப்பது.

இவ்வுண்மைக்கு அடிகுழாயின் வரலாறு தக்க சான்றாகும். 1960-களின் பிற்பகுதியில் நாட்டின் பல பகுதிகளை வறட்சி வாட்டியது. பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் வந்தன; ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகள் தோன்றின; அவற்றின்மேல் வார்ப்பிரும்பு அடிகுழாய்கள் பொருத்தப்பட்டன. அக்குழாய்கள் மேலைநாட்டுப் பண்ணை வீட்டுக் குழாய்களைப் பார்த்துச் செய்தவை. அங்கே ஒரு குடும்பத்தார் நாளொன்றுக்குச் சில குடம் நீர் இறைப்பர். இங்கோ ஒரு தெருவே விடியற்காலை முதல் இருட்டும்வரை வரிசையில் நின்று அடித்தது. குழாய்கள் விரைவில் உடைந்தன. கிணற்றில் நீர் இருந்தும் குடத்தில் நீர் இல்லை. பெண்கள் மீண்டும் நெடுந்தொலைவு நடந்தனர். குழாயைச் செய்தவர் தீயவர் அல்லர். அதன் இரும்பும் மட்டமானதன்று. யாருக்காகச் செய்கிறோம் என்ற வினாவுக்கு வேறொரு நாட்டு விடையை இங்குப் பொருத்தியதே அதன் குறை.

பின்னர் மகாராட்டிர மாநிலத்துச் சோலாப்பூரில் உருவான உறுதியான ஒரு குழாயை அடிப்படையாகக் கொண்டு, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும், சென்னையிலிருந்த எந்திரவியல் ஆராய்ச்சி நிலையமும், ரிச்சர்ட்சன் அண்டு குருடாசு என்னும் அரசு நிறுவனமும் கூடிப் புதிய குழாய் ஒன்றை வகுத்தன. கோயம்புத்தூர்ப் பகுதிச் சிற்றூர்களில் அதனை நிறுவிச் சோதித்தனர். எஃகு உடலும், உருளும் குண்டுகள் கொண்ட தாங்கியும், கைப்பிடியையும் உட்கம்பியையும் இணைக்கும் சங்கிலியும் உடைய அது, 1970-களின் பிற்பகுதியில் 'இந்தியா மார்க்-2' என்னும் பெயரோடு வெளிவந்தது. ஊரே திரண்டு அடிக்கினும் தாங்கிய அக்குழாய் பிற நாடுகளுக்கும் சென்றது.

கதை அத்துடன் முடியவில்லை. குழாயின் உட்பகுதி பழுதானால், நிலத்துள் இறங்கிய நீண்ட குழாய்கள் அனைத்தையும் வெளியே தூக்க வேண்டியிருந்தது. அதற்கு வண்டியும் கருவிகளும் ஆட்களும் நகரத்திலிருந்து வரவேண்டும். வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். நீர் இறைப்பவரை எண்ணிய வடிவம், பழுது பார்ப்பவரை எண்ணத் தவறியது. 1980-களில் மீண்டும் கோயம்புத்தூர்ப் பகுதியிலேயே சோதனைகள் நடந்தன. நிலத்துள் இறங்கும் குழாயின் அகலத்தைக் கூட்டியதால், அதனை அசைக்காமலே உள்ளிருக்கும் உறுப்புகளை மேலே எடுக்க வழி பிறந்தது. அவ்வாறு எழுந்ததே 'இந்தியா மார்க்-3'. பழுது பார்க்கும் வேலையின் பெரும்பகுதி ஊராரின் கைக்கு எட்டியது. நல்ல வடிவம் ஒரே நாளில் பிறப்பதில்லை என்பதையும், விடுபட்டவர் யார் என்று மீண்டும் மீண்டும் வினவுவதே அதனை நிறைவாக்கும் என்பதையும் இவ்வரலாறு தெளிவாக்குகிறது.

விடுபட்டவர் யார் என்னும் வினா மனித உடலின் அளவிலிருந்தே தொடங்குகிறது. சாண், முழம், பாகம் என உடலையே அளவுகோலாகக் கொண்டது பழந்தமிழர் மரபு. சண்டிகர் நகரை வகுப்பதில் தலைமை தாங்கிய லெ கொர்பூசியே என்னும் கட்டடக் கலைஞரும் 1940-களில் மனித உடலிலிருந்தே ஓர் அளவுமுறையை உண்டாக்கினார். நோக்கம் உயர்ந்தது. ஆயின், அவர் அடிப்படையாகக் கொண்ட உடல் 183 செண்டிமீட்டர், அதாவது ஆறடி உயரமுள்ள ஓர் ஆடவனுடையது. ஆறடி ஆடவனுக்கு எட்டும் அலமாரி ஐந்தடிப் பெண்ணுக்கு எட்டுமா? அவன் எளிதில் ஏறும் படியில் முதியவர் ஏறுவரா? மனித உடல் என்று பொதுப்படச் சொல்லும்போதே, எந்த மனிதரின் உடல் என்று கேட்க வேண்டும் அன்றோ? வீடு கட்டுவோர் சமையல் மேடையின் உயரத்தை அங்கு நின்று சமைக்கும் பெண்ணைக் கேளாமலே முடிவு செய்கின்றனர். அப்பெண்ணின் தோள்வலி அவ்வீடு உள்ளவரையில் தொடர்கிறது. பேருந்தின் உயர்ந்த முதற்படி, ஒவ்வொரு நாளும் கூடையோடு ஏறும் முதிய பெண்மணியைத் தடுத்து நிறுத்துகிறது. இவை சிறியன போலத் தோன்றும்; எண்ணிறந்தோர்க்கு நாள்தோறும் நேர்வதால் சிறியன ஆகா.

செய்ப்பூர்ச் செயற்கைக் காலும் இவ்வினாவின் விடையாகவே பிறந்தது. முன்பிருந்த மேலைநாட்டுச் செயற்கைக் கால் செருப்புக்குள் புகுந்து நிற்கத் தக்கது. சேற்று வயலில் வெறுங்காலோடு நடப்பவர்க்கும், தரையில் சம்மணமிட்டு உண்பவர்க்கும், குந்தி அமர்பவர்க்கும் அது பயன்படவில்லை. இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், பி. கே. சேத்தி என்னும் மருத்துவரும் இணைந்து 1960-களின் இறுதியில் ரப்பரைக் கொண்டு வளைந்து கொடுக்கும் கால் ஒன்றை உருவாக்கினர். பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாத கைவினைஞரின் அறிவும், கற்றறிந்த மருத்துவரின் அறிவும் ஒன்றுகூடிய இடத்தில் அவ்வடிவம் தோன்றியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்கள் எல்லார்க்கும் எட்டுமாறு அமைதல் வேண்டும் என வலியுறுத்துகிறது. சாய்தளம் அமைத்தல் அருட்செயல் அன்று. உரிமையைக் கல்லும் சிமிட்டியும் கொண்டு எழுதுதல் என்பதை அச்சட்டம் உணர்த்துகிறது.

கட்டடத்துக்குப் பொருந்துவது எழுத்துக்கும் பொருந்தும். முற்காலத்து அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் தம் இனத்தோடு ஒவ்வாத தனி உருவங்கள் பெற்றிருந்தன. அவற்றைக் கற்கும் குழந்தைக்கும், அச்சுக் கோப்பவர்க்கும் அவை தனிச் சுமையாயின. ஏனைய எழுத்துகள் பெறும் துணைக்காலையும் ஐகாரக் குறியையும் இவற்றுக்கும் அளிக்கலாம் என்று பெரியார் 1935 முதலே தம் 'குடி அரசு' இதழில் அச்சிட்டுக் காட்டினார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றது. பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. இன்று தமிழ்ப்பாட நூலைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே அவ்வடிவமைப்பின் பயனைத் துய்க்கின்றனர்.

இனி, அலுவலகத்து மனுத்தாளை நோக்கலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுவது வழக்கம். நிலப்பட்டா வேண்டியும், முதியோர் உதவித்தொகை வேண்டியும், குடிநீர் வேண்டியும் வருவோர் பலர். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவரும் உளர். எவ்வளவு நல்ல திட்டம் இருப்பினும், மக்கள் அதனை அடையும் வாயில் ஒரு படிவமே. அப்படிவத்தின் சொற்கள் புரியாவிடின் பிறர் உதவியை நாட வேண்டும். அவ்வுதவிக்குக் காசு கொடுக்க வேண்டிய நிலையும் நேரலாம். குடும்பப் பெயர் என ஒரு கட்டமும், இயற்பெயர் என ஒரு கட்டமும் கொண்ட படிவங்கள் பல இந்நாட்டில் வழங்குகின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்முன் இட்டு வழங்கும் தமிழ்மக்கள் எக்கட்டத்தில் எதனை எழுதுவர்? ஒருவர் ஓரிடத்தில் ஒருவாறும், மற்றோரிடத்தில் மற்றொருவாறும் எழுத, இரண்டு சான்றுகளில் இரண்டு பெயர்கள் தோன்றிவிடுகின்றன. பின்னர் அவ்விரண்டும் தாமே என மெய்ப்பிக்க அவர் அலைய நேர்கிறது. பிழை கட்டத்தில்; அலைச்சல் குடிமகனுக்கு. படிவத்தை வகுத்தவர் ஒரு திங்கட்கிழமை மனுக்கொடுப்போர் வரிசையில் ஒரு நாழிகை நின்றிருந்தால், பல கட்டங்கள் மாறியிருக்கும்.

எல்லாச் சிக்கல்களும் படிவத்தைப் போல எளிதில் திருந்திவிடா. உல்ம் நகரத்து வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்தவரான ஓர்சுட்டு ரிட்டல் என்னும் செருமானிய அறிஞர், மெல்வின் வெபர் என்பாரோடு சேர்ந்து 1973-இல் ஓர் ஆய்வுரை எழுதினார். கணக்குக்கு ஒரு விடை உண்டு; சமுதாயச் சிக்கலுக்கு அத்தகைய முடிந்த விடை இல்லை; சிக்கல் யாது என்பதிலேயே மக்கள் வேறுபடுவர்; செய்து பார்க்கும் ஒவ்வொரு முயற்சியும் பின்விளைவை விட்டுச் செல்லும் என்பது அவ்வுரையின் சாரம். நகரை ஒட்டிய எந்த ஏரியும் இதற்குச் சான்று. உழவர்க்கு அது பாசனம். மீன் பிடிப்பவர்க்குப் பிழைப்பு. அண்டை மனையில் வாழ்வோர்க்குக் கிணற்று நீரும், அடைமழையில் வெள்ள அச்சமும் ஆம். பறவைகளுக்கோ அது வீடு. மழைக்காலத்தில் நீர் தங்கும் இடத்தை வெறும் நிலமாகக் கருதி மனை வகுத்தால், நீர் தன் வழியைத் தேடி வீட்டுக்குள் நுழைகிறது. எத்தரப்பாரின் குரலையும் விடாது கேட்டு, எது எவருக்கு என்ன இழப்பைத் தரும் என்று வெளிப்படையாக எடுத்துரைத்து முடிவு காண்பதே இங்கு இயலும் வழி.

அண்ணாமலையின் கிரிவலப் பாதையும் இத்தகையதே. பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்களை அமைத்து, இடையிடையே குளங்களும் மண்டபங்களும் வகுத்தவர்கள் நடப்பவரின் களைப்பை அறிந்தவர்கள். நீண்ட வழியைப் பகுத்துக் காட்டினால் கால் சோர்வு குறையும் என்னும் நுட்பம் அதில் உண்டு. முழுநிலா நாளிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் இலட்சக்கணக்கானோர் நடக்கும் இக்காலத்தில், குடிநீரும், கழிப்பிடமும், குப்பை அகற்றலும், நெரிசலில் பிரிந்த குழந்தையைச் சேர்க்கும் ஏற்பாடும் புதிய மண்டபங்களாக எழ வேண்டியுள்ளன. பழையதைப் போற்றுதல் அதன் உருவத்தைப் படியெடுப்பதால் நிறைவுறாது. அவ்வுருவத்தை ஈன்ற பரிவைக் கற்பதாலேயே நிறைவுறும்.

இவ்வாறு பார்க்குமிடத்து, வடிவமைப்பியல் அனைத்தையும் தீர்க்கும் மருந்து என்று கூறுவதும் மிகையாகும். திறமையான வடிவம் தீய நோக்கத்துக்கும் பணி செய்யும். தேவையற்றதை வாங்கத் தூண்டும் உறையும், விரைவில் பழுதாகுமாறு செய்த கருவியும், குழந்தையின் கண்ணைக் கைப்பேசியினின்று அகலவிடாத உத்தியும் வடிவமைப்பின் வல்லமையால் விளைந்தவையே. விக்டர் பாப்பனெக் என்பவர் 1971-இல் எழுதிய நூலில், வடிவமைப்போர் செல்வரின் விருப்பத்துக்கு உழைத்து வறியவரின் தேவையை மறக்கின்றனர் என்று தம் துறையினரையே கடிந்தார். அக்கடிதல் இன்றும் பொருந்துகிறது. அதனாலேயே இக்கல்வி செய்வோரிடம் மட்டும் தங்கிவிடுதல் கூடாது. பயன்கொள்வோரிடமும் பரவ வேண்டும். கேட்கத் தெரிந்த மக்கள் உள்ள ஊரில் பொறுப்பற்ற வடிவம் நெடுநாள் நிலைப்பதில்லை.

பள்ளியில் இதனைப் பயிற்றத் தனிப் பாடநூலும் தேர்வும் முதலிலேயே வேண்டுவதில்லை. செருமனியில் வால்டர் குரோப்பியசு 1919-இல் தொடங்கிய பௌகவுசு என்னும் பள்ளியின் பட்டறைகளில், வடிவ நெறியை உணர்த்தும் கலைஞர் ஒருவரும், கைத்தொழிலைப் பழக்கும் வினைஞர் ஒருவரும் சேர்ந்து கற்பித்தனர். எண்ணமும் கையும் பிரியாமல் வளர வேண்டும் என்பதே அதன் கருத்து. அக்கருத்தை ஏற்பதற்குச் செருமனிக்குச் செல்ல வேண்டுவதில்லை. மாணவர் தம் பள்ளியின் குடிநீர்த் தொட்டியை ஒரு வாரம் உற்று நோக்கலாம். குழாய் எவ்வளவு உயரத்தில் உள்ளது? ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கு அது எட்டுகிறதா? இடைவேளையில் எத்தனை பேர் நீர் அருந்தாமலே வகுப்புக்குத் திரும்புகின்றனர்? சிந்திய நீர் எங்கே செல்கிறது? இவற்றை அளந்து, குறித்து, அருந்துவோரைக் கேட்டு, மாற்றம் ஒன்றை அட்டையிலும் மண்ணிலும் செய்து பார்த்து, பிழை கண்டு திருத்தினால், வடிவமைப்பியலின் அடிப்படை அனைத்தும் அவர்க்குக் கைவந்ததாகும். கணக்கும் அறிவியலும் மொழியும் அம்முயற்சியில் தாமே வந்து துணை நிற்கும்.

இப்பயிற்சியின் பெரும்பயன் நல்ல தொட்டி ஒன்று கிடைப்பது மட்டும் அன்று. உலகம் இப்போதுள்ளவாறே இருந்து தீரவேண்டும் என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தினின்று அகல்கிறது. உயர்ந்த படியும், புரியாத படிவமும், அடைபட்ட கால்வாயும் விதியின் செயல் அல்ல. எவரோ ஒருவர் எண்ணியோ எண்ணாமலோ செய்த முடிவுகள். மனிதர் செய்த முடிவை மனிதர் மாற்றலாம். இவ்வறிவு பெற்றவர், துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு ஒதுங்குவதும் இல்லை. வெறும் பழி கூறிக் கலைவதும் இல்லை. அளந்து பார்ப்பர், கேட்டறிவர், இதனினும் நல்லது இது என்று செய்து காட்டுவர்.

வேங்கிக்காலும் அதனைப் போன்ற ஊர்களும் இன்று விரைந்து வளர்கின்றன. இன்னும் பல சாலைகளும் தெருக்களும் அலுவலகங்களும் அங்கு எழும். அவற்றை வகுக்கப்போகும் பொறியாளரும், அனுமதி அளிக்கப்போகும் அலுவலரும், மன்றத்தில் வாக்களிக்கப்போகும் உறுப்பினரும், அவற்றில் வாழப்போகும் மக்களும் இப்போது பள்ளி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். 'இது யாருக்காக? இதனால் விடுபட்டவர் யார்?' என்னும் இரு வினாக்களை அவர்கள் இவ்விளமையிலேயே கேட்கப் பழகுவாராயின், நாளை எழும் கல்லும் சுவரும் ஒருவரையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தா.